தங்கச்சி நிச்சயத்துக்கு ஷிராஸா, கேபர்நேயா?

பாம்பன் கச்சான்:
அடுத்த மாதம் தங்கச்சி நிச்சயதார்த்தம். சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு வருகிறேன். ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான் அனுமதி. 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு, மூன்றாவது எடுத்தால் கணக்கு மீறிவிடும். "இந்தத் தடவை பிராந்தி வேண்டாம், அந்தச் சிவப்பு ஒயினைக் கொண்டா, பார்ப்போம்" என்று மாமாவும் சித்தப்பாவும் போனில் சொல்லியாயிற்று. என் மனம் இரண்டில் நிற்கிறது. ஒன்று ஆஸ்திரேலியாவின் பரோஸா பகுதியில் விளையும் ஷிராஸ், இன்னொன்று அதே நாட்டின் கூனவாரா பகுதியின் கேபர்நே சாவின்யோன், சுருக்கமாகக் கேபர்நே. இரண்டுமே கருப்புத் திராட்சை ரகத்தின் பெயர், ஒயினுக்கும் அதே பெயர். இரண்டும் கனமான ஒயின்தான். நம் வீட்டுப் பந்தியில் எது எடுபடும்?

போன தடவை பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேபர்நேயைச் சீலா வறுவலோடு திறந்தேன். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா, துருப்பிடிச்ச ஆணியைச் சப்புன மாதிரி இருக்கு" என்றார். மீன்தான் கெட்டுப்போச்சோ என்று அம்மா பதறிவிட்டாள். காலையில் கரையில் இறங்கிய மீன் அது!

தங்கச்சிமடம் மாலுமி:
தம்பி, மீன் மேல் பழி போடாதே. பயணிகள் கப்பலில் ஒன்பது வருஷம் பாரில் நின்றவன் நான். சிவப்பு ஒயினில் கொஞ்சம் இரும்பு உண்டு. அது மீனின் கொழுப்போடு வாயில் சேரும்போதுதான் அந்தக் கவிச்சை கிளம்புகிறது. 2009-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒயினில் இரும்பு கூடக் கூடக் கவிச்சையும் கூடியது. ஆக நண்டோ கணவாயோ சீலாவோ, எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் அந்த வம்பு வரலாம். மீன் பந்திக்கு இரண்டையும் மறந்துவிடு.

கறிப்பந்தி என்றால் பேச்சு வேறு. வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் பார் மேலாளர் பெயரை மறைத்து இரண்டு கிளாஸ் நீட்டினார். ஒன்று ஈறை இழுத்துப் பிடித்தது. பழுக்காத நாவல்பழத்தைக் கடித்தால் நாக்கு வறளுமே, அதே துவர்ப்பு. அது கேபர்நே. அதன் பழம் சின்னது, தோல் தடிமன், உள்ளே கொட்டை பெரிது. சாறு குறைவு, தோலும் விதையும் அதிகம், துவர்ப்பு அங்கிருந்து வருகிறது. மற்ற கிளாஸ் வாய் நிறைய வந்து வழவழவென்று இறங்கியது. அது ஷிராஸ்.

கேபர்நேயில் இன்னொரு சங்கதி. சில பாட்டிலைத் திறந்ததும் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்கும். நான் முதலில் சரக்கு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். 1997-ல் மரபணு பார்த்துச் சொன்னார்கள், கேபர்நே ஃப்ரான் என்ற கருப்புத் திராட்சையும் சாவின்யோன் ப்ளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் கலந்து பிறந்த பிள்ளை இது என்று. அந்தப் பச்சை வாசம் இரண்டு பக்கத்துச் சொத்துதான்.

மூக்கையூர் மச்சான்:
மீன் பிடிக்கிற ஊரில் மீனோடு சேராத சாமானை எதுக்குப்பா விமானத்தில் தூக்கிக்கொண்டு வருகிறாய்?

கீழக்கரை சபராளி:
நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் துபாயில் 11 வருஷம் ஓட்டலில் மேசை பார்த்தவன், திரும்பி வரும் கிளாஸைப் பார்த்தே கதை சொல்வேன். கொழுப்போடு சுட்ட மாட்டுக்கறி மேசையில் கேபர்நே பாட்டில் துடைத்து வைத்த மாதிரி காலியாகும். கொழுப்பும் கறியும் துவர்ப்பை அடக்கிவிடும் என்று எங்கள் சமையல்காரர் சொல்வார். அதே பாட்டிலைக் காரக்குழம்பு கேட்ட மேசைக்குக் கொண்டுபோனால் பாதி அப்படியே நிற்கும், தண்ணீர் ஜக் மட்டும் நாலு தடவை நிரப்பவேண்டி வரும்.

ஷிராஸும் சும்மா இல்லை. பரோஸா பாட்டில் பலவற்றில் 14, 14.5 சதவீதம் ஆல்கஹால் என்று எழுதியிருக்கும். அது மிளகாய் மேல் விழுந்தால் விருந்தாளி நெற்றி வேர்ப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் முண்டு மிளகாயை அரைத்து ஊற்றிய குழம்பு வேண்டாம் தம்பி. அன்றைக்கு ஒரு நாள் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டச் சொல்லுங்கள்.

தொண்டி டீச்சர்:
சபராளி அண்ணன் மிளகு என்றதும் ஞாபகம் வந்தது. மகன் மெல்போர்னில் இருக்கிறான். போன வருஷம் எங்களைக் காரில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக் காட்டினான். குளிர் அதிகமான ஓர் ஊரில் ஷிராஸ் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும், அம்மியில் அப்போதுதான் மிளகு நுணுக்கிய வாசம்! ரோட்டன்டோன் என்ற பொருளாம். கருமிளகில் இருக்கும் அதேதான் திராட்சைத் தோலிலும் இருக்கிறது என்று 2008-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மூன்று தடவை மோந்துவிட்டு "ஒண்ணும் வரலையே" என்றார். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாதாம். முப்பது வருஷமாக என் ரசத்தை அவர் குறை சொல்வது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பரோஸா வெயில் ஊர், அங்கே மிளகைவிடப் பழவாசம்தான் தூக்கல்.

மகன் கொடுத்த பாட்டிலை இங்கே கொண்டுவந்து நான் செய்த கூத்தைக் கேளுங்கள். "சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக்கூடாது, அறை வெப்பத்தில் குடிக்கணும்" என்று யாரோ சொன்னதை நம்பி அலமாரியில் வைத்திருந்தேன். அறை வெப்பம் என்று அவர்கள் சொல்வது 18 டிகிரி. தொண்டியில் சித்திரை மாதத்து அறை வெப்பம் என்னவென்று உங்களுக்கே தெரியும். திறந்தால் மூக்கில் ஸ்பிரிட் நெடிதான் ஏறியது, பழமும் இல்லை மிளகும் இல்லை. அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் அதே பாட்டில் ஒயினாக மாறியது.

பாம்பன் கச்சான்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியில் துணிவு வராமல் இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் வாங்கினேன். நிச்சயத்துக்கு மறுநாள் ஞாயிறு, வீட்டு ஆட்கள் மட்டும். ஆட்டுக்கறி மிளகு வறுவல், நல்லி எலும்புக் குழம்பு, மீன் கிடையாது என்று அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிவிட்டேன். இரண்டையும் டீச்சர் சொன்னபடி அரைமணி நேரம் குளிர வைத்தேன்.

ஷிராஸ் சோறு வைக்கும் முன்பே தீர்ந்துபோனது. "சீனி போட்டிருக்கானா?" என்று மாமா கேட்டார். இல்லை, பழுத்த பழத்தின் வாசம்தான் அப்படி ஏமாற்றுகிறது. முதல் தடவை குடிக்கிற கூட்டத்துக்கு இனி நான் யோசிக்கவே மாட்டேன், ஷிராஸ்தான்.

கேபர்நேயை ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள். சித்தப்பா மட்டும் நல்லியைத் தட்டி உள்ளிருக்கும் மஜ்ஜையை உறிஞ்சிவிட்டு அதை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மறுபடி நல்லி, மறுபடி ஒரு வாய். அந்த ஜோடிக்கு ஷிராஸ் கிட்டவே வராது என்பதை நானும் குடித்துப் பார்த்து ஒத்துக்கொண்டேன்.

அரை பாட்டில் மிஞ்சியது. மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்ததை மறுநாள் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன், துவர்ப்பு அடங்கியிருந்தது. சாயங்காலம் சித்தப்பா வாசலில் வந்து நின்று, "அந்தத் துவர்ப்புச் சரக்கு இருக்காடா?" என்றார். கையில் நாலு நண்டு.