மறுமொழி: மின்மறிப்பா, மின்தளையா?

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கட்கிழமை டிப்ளமா இரண்டாம் ஆண்டுக்குத் தெவெனின் தேற்றம் (சிக்கலான மின்சுற்றை ஒரே மூலம், அதோடு தொடராக ஒரே தடுப்பு என்று சுருக்கும் விதி) நடத்த வேண்டும். குறிப்பு பாதியில் நிற்கிறது. எடுத்துக்காட்டு இதுதான்: 100 வோல்ட் மாறுதிசை மூலம், அதோடு தொடராக 10 ஓம் மின்தடை, −ஜே10 ஓம் மின்தேக்கி (ஜே என்பது 90 பாகை கட்ட வேறுபாட்டைக் காட்டும் கற்பனை எண்). தேக்கியின் இரு முனைகளிலிருந்து பார்த்தால், 45 பாகை பின்தங்கிய 70.7 வோல்ட் மூலமும் தொடராக 5−ஜே5 ஓமும் என்று எல்லாம் சுருங்கிவிடுகிறது. அந்த 5−ஜே5-ஐ ஆங்கிலத்தில் இம்பிடன்ஸ் என்கிறோம், மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் மொத்தத் தடுப்பு. தமிழில் அதற்கு என்ன பெயர்? என் மேசையில் கிடக்கும் நூல்களில் மறுப்பு, எதிர்ப்பு, மறிப்பு மூன்றும் இருக்கின்றன.

> மின்மறிப்பு போதுமே. வழிமறிப்பது யாருக்குத்தான் தெரியாது?

போதாது ஐயா. வழிமறிப்பவன் விடமாட்டான். தேக்கி ஒரு கால்சுற்றில் வாங்கிய ஆற்றலை அடுத்த கால்சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 1886-ல் ஆங்கிலேய மின்னியலாளர் ஹெவிசைடு ஆக்கிய இம்பிடன்ஸ் என்ற சொல்லின் இலத்தீன் வேரில் இருப்பது பாதம். காலைப் பிணிப்பது என்று பொருள். நம்மிடம் தளை இருக்கிறதே! காலில் பூட்டுவதும் தளை, யாப்பில் நின்ற சீரை வரும் சீரோடு சேர்ப்பதும் தளை. இந்தச் சுற்றில் சுமை 5+ஜே5 ஓமாக இருந்தால்தான் பெருமத் திறன் கிடைக்கும். பொருந்தாவிட்டால் தளை தட்டுகிறது என்றே சொல்லிவிடலாம்.

---

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மாணவர்களுக்கு வெண்பாவின் வெண்டளை தெரியுமா? கைவிலங்கு, கால்விலங்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மறிதலுக்குத் திரும்புதல் என்ற பொருளும் உண்டு, மறிதிரை என்கிறோமே. நீங்கள் கேட்ட திருப்பிக் கொடுப்பது அதிலேயே இருக்கிறது. அப்புறம், சுருங்கிக் கிடைக்கும் சுற்றுக்கு (ஈக்விவலன்ட் சர்க்யூட்) உங்கள் குறிப்பின் தலைப்பில் 'இணைச் சுற்று' வேண்டாம், பக்க இணைப்பு என்று குழம்புவார்கள். 'நிகர்' என்றால் நிகர லாபம் நினைவுக்கு வரும். 'சமானச் சுற்று' என்றே விடுங்கள், வடசொல்லானாலும் புரியும்.

---

சமானத்தை ஒருநாளும் ஏற்கமாட்டேன். 'ஈடு' என்ன குறை வைத்தது? ஈட்டுச் சுற்று, ஈட்டு மூலம். இரண்டும் நல்ல தமிழ், நாவிலும் இடறவில்லை.

---

ஈட்டுக் கடன், ஈட்டுப் பத்திரம் என்று வங்கி வாசலுக்குப் போய்விடும் ஐயா.

---

நண்பர்களே, மணி பதினொன்று. ஐந்து பேர் சொல்லிவிட்டீர்கள், மறிப்பு என்றே அச்சுக்குப் போகிறது. சுற்றுக்குச் சமானம். தளையை வகுப்பில் வாயால் சொல்வேன், அதை விட மனம் வரவில்லை.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேள்வி. திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தை நாங்கள் ஆடலோட்டம் என்று படித்தவர்கள். எடுத்துக்காட்டிலேயே 'மாறுதிசை' என்று எழுதிவிட்டீர்களே, அதை எப்போது பேசப்போகிறோம்?