புல்மருந்தா, மூச்சுத்திணறலா? குளத்தில் திலாப்பியா சாகிறது, உதவி தேவை

குளத்துக்காரன்:
வணக்கம். பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம் வெட்டி, திலாப்பியாவும் கெளுத்தியும் விட்டிருக்கிறோம். மேட்டில் செம்பனைத் தோட்டம். போன வாரம் அங்கே புல்லுக்கு மருந்து அடித்தார்கள். மறுநாளே கனமழை, வடிகால் பொங்கிக் குளத்துக்குள் இறங்கிவிட்டது. இப்போது விடியற்காலையில் திலாப்பியா செத்து மிதக்கிறது, கெளுத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷமென்றால் எல்லாமே செத்திருக்க வேண்டாமா? தோட்டத்தில் கேட்டால், "கிளைபோசேட்தான், மீனை ஒன்றும் செய்யாது" என்கிறார்கள்.

பாலிக் பூலாவ் அக்கா:
தம்பி, பச்சைத் தண்ணீர் பழுப்பாகிவிட்டதா? மருந்து மீனைத் தொடாமலே கொல்வதுண்டு. பாசி செத்தால் பகலில் ஆக்சிஜன் கிடைக்காது. அது அழுகும்போது மிச்சமிருப்பதும் தீர்ந்துவிடும். விடியலுக்குச் சற்று முன்புதான் நிலைமை படுமோசம். கெளுத்தி மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். காற்றுப் பம்பை இரவெல்லாம் ஓடவிடுங்கள், தீனியை நிறுத்துங்கள்.

தோட்டத்து ஆள்:
அக்கா சொல்வது பாதி சரி. திலாப்பியா லேசில் சாகிற மீனா? கிளைபோசேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தனியாக மீனை அவ்வளவு வாட்டாது என்பது உண்மைதான். ஆனால் டின்னுக்குள் அது மட்டுமா இருக்கிறது! இலையில் படிவதற்குச் சோப்பைப் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். பல கலவைகளில் செவுளைக் கெடுப்பது அதுதான். கெளுத்தி பிழைத்ததை வைத்து மருந்துக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். செவுள் கெட்டாலும் அது காற்றை வைத்துச் சமாளிக்கும். டின்னின் லேபலைப் படமெடுங்கள். பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியாக இருந்தால் வேறு வழக்கு. அது 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் தடை.

குளத்துக்காரன்:
தண்ணீர் பழுப்புதான், அக்கா. செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்: சிவப்பே இல்லை, வெளிறி, சளி கட்டியிருக்கிறது. வாய் திறந்தபடியே கிடக்கிறது.

பாலிக் பூலாவ் அக்கா:
வாய் திறந்திருந்தால் பெரும்பாலும் மூச்சுத்திணறல். சளி, செவுள் எரிச்சலுக்கு அடையாளம். இரண்டும் சேர்ந்திருக்கலாம். ஆனால் செத்து மணிக்கணக்கான மீனின் செவுள் எப்படியும் வெளிறிவிடும். அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். விடிவதற்குள் எழுந்து, உயிர் ஊசலாடும் மீனைப் பிடித்து, உறைய விடாமல் ஐஸ் பெட்டியில் வையுங்கள். பினாங்குத் தீவில் பத்து மாவுங் என்ற ஊரில் மீன்நல ஆய்வு மையம் இருக்கிறது. முதலில் போன் செய்து, தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுப்பதா பிளாஸ்டிக்கிலா என்று கேளுங்கள். தேடும் மருந்துக்கேற்ப அது மாறும். செத்த மீனைப் பூனைக்குக்கூடப் போட வேண்டாம்.

குளத்துக்காரன்:
நன்றி. வடிகால் வாயில் மணல் மூட்டை அடுக்கியாயிற்று, பம்பு ஓடுகிறது. லேபலைக் கேட்டுப் பார்க்கிறேன். தருவார்களா என்பதுதான் சந்தேகம்.

தோட்டத்து ஆள்:
மேலாளரிடம் போகாதீர்கள். மருந்து அடித்தவரிடமே கேளுங்கள், காலி டின் கொட்டகையில் கிடக்கும்.