டிசைன் டீமுக்கு கான்செப்ட் டிசைன் சொல்லிக்குடுத்த அனுபவம், உங்களோடதும் போடுங்க

ஓசூர்ல ஆப் டிசைன் பண்ற ஒரு டீமுக்கு கிளாஸ் எடுக்கப் போயிருந்தேன். எல்லாரும் வேலைல ஊறினவங்க, ஸ்கிரீன் போடறதுல நான் சொல்லிக்குடுக்க ஒண்ணுமில்ல. லேப்டாப்ப மூடி வைக்கச் சொல்லிட்டு, டெலீட் பண்ண ஃபைல் போய் விழற ட்ராஷ் எதுக்கு இருக்குன்னு கேட்டேன். டெலீட் பண்றதுக்குன்னாங்க. அதுக்குன்னா நேரா அழிச்சுட்டுப் போயிடலாமே, ட்ராஷே வேணாமே! அழிச்சத திரும்ப எடுக்கத்தான் அது. அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் டேனியல் ஜாக்சன் கான்செப்ட்னு சொல்றது இந்த மாதிரி ஒரு முழு துண்டு, அதுக்கு ஒரு பேரு, ஒரு நோக்கம், அது எத ஞாபகம் வெச்சுக்குது, என்னென்ன செய்யலாம், இப்படிப் பண்ணா இப்படி ஆகும்ங்கற ஒரு குட்டிக் கதை. ஃபைல டெலீட் பண்றோம், மனசு மாறுது, ரீஸ்டோர் பண்றோம், பழைய இடத்துக்கே வந்துடுது, அவ்ளோதான் கதை.

அப்புறம் அவங்க ஆப்பையே எடுத்தோம். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு பெங்களூரா ரக மாங்கா லோடு கொண்டு வர்ற விவசாயிங்களுக்கான ஆப். கேட்ல டோக்கன் போடுவாங்க, லோடு இறக்கினதும் டோக்கன் குளோஸ், ஸ்கிரீன்ல இருந்து போயிடும். பணம் வர்றது அப்புறமாத்தான், அதுவரைக்கும் எத்தன டன் போச்சு, கழிவுன்னு எடையில எவ்ளோ புடிச்சாங்கன்னு பாக்க விவசாயிக்கு போன்ல ஒண்ணுமே இருக்காது. டீம் இதுக்கு ஹிஸ்டரின்னு ஒரு டேப் வெக்கலாம்னு இருந்தாங்க. காவேரிப்பட்டணத்துப் பொண்ணு ஒருத்தங்க டீம்ல இருந்தாங்க, அவங்க சொன்னாங்க, "எங்கப்பா டோக்கன அங்கயே வீசிட்டு வந்துடுவாருங்க, எடை சீட்டு மட்டும் பணம் கைக்கு வர்ற வரைக்கும் சட்டப் பாக்கெட்ல இருக்கும்"னு.

எனக்கு அவ்ளோ சந்தோஷம்! டோக்கன் வரிசைக்கு, சீட்டு பணத்துக்கு, ரெண்டு நோக்கத்த ஒரே கான்செப்ட் மேல ஏத்தி வெச்சிருந்தாங்க. பிரிச்சு எழுதினதும் மத்ததெல்லாம் தானா சரியாயிடுச்சு. லோடோட வண்டி எடை மேடை ஏறி முதல் எடை போட்டா சீட்டு தொறக்கும், இறக்கிட்டு காலி வண்டி எடை போட்டா டோக்கன் முடியும், சீட்டு பணம் வர்ற வரைக்கும் இருக்கும். கழிவு எதுல வரும்னு ஒரு சண்டை, சீட்டுலன்னு அவங்களே முடிவு பண்ணாங்க, டோக்கனுக்கு அது தெரியவே வேண்டியதில்ல. ஹிஸ்டரி டேப் தேவையே படல.

உங்க அனுபவம் சொல்லுங்க.

பதில், தருமபுரில இருந்து

அருமைங்கண்ணா. நான் வீட்ல இருந்தே பெங்களூர் டீம் ஒண்ணுக்கு ஆன்லைன்ல எடுத்தேன், எனக்கு கை குடுத்தது ஃபைல ஆன்லைன்ல வெச்சு ஷேர் பண்ற டிராப்பாக்ஸ். ஷேர் வந்த ஃபோல்டருக்குள்ள இருக்கற ஒரு ஃபைல டெலீட் பண்ணா எல்லாருக்கும் போயிடும், அந்த ஃபோல்டரயே எடுத்துட்டா நமக்கு மட்டும்தான் போகும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி வேலை. என்ன ஆகும்னு முதல்ல பேப்பர்ல எழுதச் சொன்னேன், ஆளுக்கொரு பதில் எழுதினாங்க, சீனியருங்க உட்பட. எச்சரிக்கை மெசேஜ் ஒண்ணு போட்டா போதும்னு பேச்சு வந்துச்சு, அதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க, உள்ள குழப்பம் அப்படியே இருக்கறப்ப மெசேஜ யாரு படிக்கறா?

பதில், கிருஷ்ணகிரி

எங்க டீம்ல கான்செப்ட் லிஸ்ட் எழுதச் சொன்னா ஹோம் பேஜ், செட்டிங்ஸ், டேஷ்போர்டுன்னு ஸ்கிரீன் பேரா எழுதித் தந்தாங்க அண்ணா. ஒவ்வொண்ணுக்கும் அந்தக் குட்டிக் கதைய சத்தமா சொல்லச் சொன்னேன், டேஷ்போர்டுக்கு யாராலயும் சொல்ல முடியல, அவங்களாவே லிஸ்ட்ல இருந்து அடிச்சுட்டாங்க. இன்னொண்ணு, டெவலப்பருங்களையும் அதே ரூம்ல உக்கார வைங்க. டோக்கன், சீட்டுன்னு டிசைனர் பிரிச்சுட்டு, டேட்டாபேஸ்ல ரெண்டும் ஒரே டேபிளா கெடந்தா அடுத்த ரிலீஸ்லயே மறுபடி ஒட்டிக்கும்.