பழைய ஆல்டிஸில் கூலண்ட் சென்சாரை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, பத்து வயதைக் கடந்த காரை ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சின் விளக்கு எரிவது புதிய செய்தி அன்று. அந்த விளக்கு எரிந்ததும் எந்தப் பாகத்தை வாங்குவது என்று தேடத் தொடங்குவதற்கு முன்னால், அளந்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. என் காரில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் பழுதானபோது அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததால்தான் வேலை ஒரே ஒரு சிறிய பாகத்தோடு முடிந்தது. அதை விவரமாக எழுதுகிறேன்.

கார் 2007ஆம் ஆண்டு பதிவான 1.6 லிட்டர் டொயோட்டா கொரோலா ஆல்டிஸ். முதலில் விளக்கு எதுவும் எரியவில்லை. வழக்கமான ஓட்டத்துக்கே பெட்ரோல் கூடுதலாகச் செலவானது. கடைக்கு முன்னால் சற்று நேரம் நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், சூடான எஞ்சின் உடனே பற்றாமல் நெடுநேரம் சுற்றியது. பின்பக்கம் நின்றால் எரியாத பெட்ரோலின் வாடை அடித்தது. அடுத்த சில வாரங்களில் விளக்கும் எரிந்தது, ரேடியேட்டர் விசிறியும் காரணமில்லாமல் முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது. எனக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது), கூலண்ட் சென்சார் ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார்கள். ஆண்டுச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்ததால் எனக்கும் கவலைதான். பத்து வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு என்பதும் அங்கே புகையை அளப்பார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. பெட்ரோல் மிகுதியாக எரியும் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடின் அளவு உயரும். அதே நிலையில் தொடர்ந்து ஓட்டினால் புகையைச் சுத்திகரிக்கும் விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும்.

இந்தச் சென்சாரின் வேலை எளியது. அதன் பித்தளை முனைக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. கூலண்ட் குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அதிகமாகவும், சூடேறச் சூடேறக் குறைந்துகொண்டும் இருக்கும். எஞ்சினின் கணினி அந்தத் தடையை வெப்பநிலையாகக் கணக்கிட்டு, எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலைக் கூட்டியும் சூடாகியிருந்தால் குறைத்தும் கொடுக்கிறது. சென்சாருக்குள் இருக்கும் இணைப்பு தளர்ந்து தடை வேண்டாத அளவுக்குக் கூடினால், கொதிக்கும் எஞ்சினைக்கூடக் கணினி குளிர்ந்ததாகவே நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். இணைப்பு முழுவதும் அறுந்தால் கணினிக்குத் தெரியும் வெப்பநிலை கழித்தல் 40 பாகை. அப்போதுதான் பி0118 என்ற குறியீடு பதிவாகி விளக்கு எரிகிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: பெட்ரோலை வீணாக்கும் பழுது, விளக்கை எரியவைக்கும் பழுதுக்கு வெகு முன்பே தொடங்கிவிடலாம். மேலும் அந்தக் குறியீடு சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது; கோளாறு சென்சாரிலா, கம்பியிலா, கனெக்டரிலா என்பதை அது சொல்வதில்லை.

ஆகவே, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனைச் செருகியில் எஞ்சின் கணினி படிக்கும் அளவுகளைக் காட்டும் ஒரு சிறிய புளூடூத் ஸ்கேனரைப் பொருத்தி, இரவு முழுவதும் நின்ற காரின் சாவியை மட்டும் காலையில் திருப்பி, எஞ்சினைத் தொடாமல் எண்களைப் பார்த்தேன். இது எல்லாருக்கும் நான் முதலில் பரிந்துரைக்கும் சோதனை. ஓர் இரவு நின்ற காரில் கூலண்டின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். எனக்குக் காற்று 29 பாகை என்றும் கூலண்ட் 16 பாகை என்றும் காட்டியது. சிங்கப்பூரில் இதுவரை பதிவான வெப்பம் 19 பாகைக்குக் கீழே இறங்கியதே இல்லை என்னும்போது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்தில் கூலண்ட் மட்டும் 16 பாகைக்குக் குளிர்ந்திருக்க வழியே இல்லை. எஞ்சினை ஓடவிட்டபோது, மேல் ரேடியேட்டர் குழாய் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடான பிறகும் எண் முப்பதுகளிலேயே தடுமாறியது; பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கழித்தல் 40க்குத் தாவி மீண்டது.

தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் வெப்பம் குறைவாகவே காட்டும் என்பதால் பட்டறையினரின் ஐயம் நியாயமானதே. ஆனால், தெர்மோஸ்டாட் பழுதில் எண் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஒரு நொடியில் எழுபது பாகை தாவுவது தண்ணீரால் இயலாத காரியம். அது மின்னிணைப்பின் வேலை.

அடுத்தது கம்பி. வீவக கார் நிறுத்துமிடத்தில் பழுது வேலை செய்ய அனுமதி இல்லாததால், சிலேத்தார் ஹில்ஸில் இருக்கும் மாமனாரின் தரைவீட்டு முற்றத்துக்குக் காரைக் கொண்டுபோனேன். அவர் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமானைக் கழற்றுமுன் கம்பியைச் சோதித்தாக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "மாப்பிள்ளை, புதுச் சாமானைப் போட்டுவிட்டுக் கம்பியைத் தேடுவது தலைகீழ் வேலை" என்றார். சென்சாரின் கனெக்டரைக் கழற்றியதும் ஸ்கேனர் கழித்தல் 40 காட்டியது. கனெக்டரின் இரண்டு துளைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்ததும் 140ஐ எட்டியது. இரண்டு எல்லைகளையும் கணினி சரியாகப் படித்ததால் கம்பியும் கணினியும் நலம் என்பது உறுதியாயிற்று. கம்பிக் கற்றையை அசைத்துப் பார்த்தும் எண் மாறவில்லை. ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும்: இப்படி இணைத்துப் பார்ப்பது இரண்டு கம்பிகள் மட்டுமே உள்ள வெப்பநிலை சென்சாருக்கே பொருந்தும், மூன்று கம்பிகள் உள்ள சென்சாரில் இதைச் செய்தால் கணினியையே கெடுத்துவிடக்கூடும்.

புதிய சென்சாரை உதிரிப் பாகக் கடையில் வாங்கும்போது, 89422 என்று தொடங்கும் டொயோட்டாவின் பாக எண்ணைக் காரின் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் போலிகளை நான் நம்புவதில்லை. வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் தடை அளவு வேறாக இருந்தால், பழைய நோயே புதிய பாகத்தோடு தொடரும்.

மாற்றுவது பெரிய வேலை அன்று. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீறிடும். ரேடியேட்டரின் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி, சென்சாரின் மட்டத்துக்குக் கீழே வரும் அளவுக்குக் கூலண்டைச் சுத்தமான தொட்டியில் வடித்துக்கொண்டேன். இந்த எஞ்சினில் சென்சார், கியர்பாக்ஸ் பக்கம், சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் திருகப்பட்டிருக்கிறது. காற்றுக் குழாயைக் கழற்றினால் கை எளிதாக எட்டும். கனெக்டரின் பூட்டு நாக்கு இத்தனை ஆண்டு வெப்பத்தில் வறண்டு நொறுங்கும் பதத்தில் இருந்தது. அதை இழுக்காமல், தட்டையான சிறு ஸ்க்ரூடிரைவரால் நாக்கை மட்டும் அழுத்திக்கொண்டு மெல்ல அசைத்து எடுத்தேன். ஆழமான சாக்கெட்டால் பழையதைக் கழற்றி, புதிய வாஷரோடு புதியதைக் கையாலேயே மரை ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன். அலுமினிய ஹெட்டில் மரை கெட்டுப்போனால் அந்தச் செலவு சென்சாரைப் போலப் பல மடங்காகும்.

புதியதைப் பொருத்துமுன் இரண்டு சென்சார்களையும் அருகருகே வைத்து அளந்தோம். முற்றத்து வெப்பத்தில், அதாவது ஏறத்தாழ 30 பாகையில், புதியது 1.7 கிலோ ஓம் காட்ட, பழையது 2.8 காட்டியது. மாமா கெட்டிலில் சுடுநீர் வைத்து எவர்சில்வர் குவளையில் ஊற்றி, சமையல் வெப்பமானியைப் போட்டு 80 பாகை வரும்வரை காத்திருந்தார். பித்தளை முனை மட்டும் நனையும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டபோது, புதியது 0.3 கிலோ ஓமுக்கு இறங்கியது. 80 பாகையில் 0.2 முதல் 0.4 வரை இருக்க வேண்டும் என்பது கையேட்டின் அளவு. பழையது ஒன்றரைக் கிலோ ஓமுக்குக் கீழே வரவே இல்லை. விரலால் அதன் பின்பக்கத்தைத் தட்டியதும் மல்டிமீட்டரில் எண்ணே மறைந்து சுற்று அறுந்துவிட்டது, மறுபடி தட்டியதும் திரும்பியது. சாலைப் பள்ளங்களில் ஸ்கேனர் காட்டிய தாவலை மேசையின் மேலேயே கண்ணால் பார்த்துவிட்டோம்.

கூலண்டை நிரப்புவதில் அவசரம் கூடாது. டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலண்டையே வாங்கி மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களைப் பிசைந்துகொடுத்துக் குமிழ்களை வெளியேற்றினேன். உள்ளே காற்று தங்கிவிட்டால் புதிய சென்சாரே தவறாகக் காட்டும். வடித்த பழைய கூலண்டைப் பாட்டிலில் மூடி வைத்தேன். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீர், நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சு, அதை நக்கினால் பூனைகள் சாகும். ஆகவே வாசல் கால்வாயில் ஒரு சொட்டும் விடாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒரு பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

குறியீட்டை அழித்த பிறகு எண் சீராக ஏறி எண்பதுகளின் இறுதியில் நிலைத்தது. விசிறி வேண்டியபோது மட்டுமே சுழன்றது. மறுநாள் காலையில் காற்றும் கூலண்டும் ஒரு பாகை வேறுபாட்டில் இருந்தன. தெர்மோஸ்டாட்டையும் ஆக்சிஜன் சென்சாரையும் தொடவே தேவைப்படவில்லை; ஆண்டுச் சோதனையில் புகை அளவும் வரம்புக்குள் வந்தது.

ஹோண்டா, நிசான், மிட்சுபிஷி கார்களில் இதே சென்சாரை மாற்றியவர்கள், அது எஞ்சினில் எங்கே இருக்கிறது, எதைக் கழற்ற வேண்டியிருந்தது, 80 பாகையில் எத்தனை ஓம் காட்டியது என்பதை எழுதினால், அந்தக் கார் வைத்திருப்போருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.