கம்பி மாற்றியதிலிருந்து கிட்டார் இரைகிறது, கேரல்ஸுக்குள் சரியாகுமா?

தங்கச்சிமடம்_ஆறுகம்பி

எல்லாருக்கும் வணக்கம். கோயில் பாடகர் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். வாங்கி நாலு வருஷமாச்சு, இதுவரை 12–53 கம்பிதான் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்று; மெல்லியது 12, தடித்தது 53). விரல் நுனி எரிகிறதே என்று போன மாதம் மதுரையில் ஒரு கடையில் கொடுத்து அதைவிட மெல்லிய 10–47 செட் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஜி கார்டு (சுரக்கூட்டு) பிடித்தால், டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கிர்ர்ர்.

தடித்த ஆறு, ஐந்து, நாலாம் கம்பிகளில் முதல் நாலு ஃபிரெட்டுக்குள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) எங்கே விரல் வைத்தாலும் இரைகிறது. ஆறாம் கம்பியைச் சும்மா தட்டினாலும் லேசாக உண்டு. ஏழாம் ஃபிரெட்டுக்கு மேலே சுத்தம். கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "புதுக் கம்பி அப்படித்தான் தம்பி, பழகிடும்" என்றார். மூன்று வாரத்தில் பழகியது நான்தான், கம்பி இல்லை.

டிசம்பர் நடுவில் கேரல்ஸ் ஆரம்பம். நானே சரிசெய்ய வழி இருக்கிறதா?

தொண்டி_ரிதம்

சாடிலை (பிரிட்ஜில், அதாவது கம்பிகள் உடம்போடு சேரும் இடத்தில், அவற்றைத் தாங்கும் துண்டு) கழற்று, அடியில் ஐஸ் குச்சியைச் சீவி வை. கம்பி உயரும், சத்தம் போய்விடும். பத்து நிமிஷ வேலை. என்னுடையதற்கு அப்படித்தான் செய்தேன்.

பழைய_என்ஜின் (பாம்பன்)

தம்பி, ஐஸ் குச்சியைக் கொஞ்சம் தள்ளி வை. தொண்டிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் கிட்டாருக்கு அது மருந்தாக இருந்திருக்கலாம். உன்னுடைய வியாதி வேறு.

நான் விசைப்படகு என்ஜின் வேலை பார்ப்பவன். கிட்டார் ராத்திரிப் பைத்தியம். உன் கிட்டாரின் கழுத்தில் நடப்பது வடம் இழுக்கும் போட்டி. 12 செட் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் கழுத்தை முன்பக்கம் இழுக்கும். கழுத்துக்குள் இருக்கிற டிரஸ் ராடு, அதாவது இரும்புக் கம்பி, பின்பக்கம் இழுத்து அதைச் சமாளிக்கும். 10 செட் போட்டதும் ஒரு பக்கத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. மற்றப் பக்கம் பழைய முறுக்கிலேயே நிற்கிறது. கழுத்து பின்னால் சாய்ந்திருக்கும். முதல் நாலு ஃபிரெட்டில் இரைச்சல், ஏழுக்கு மேல் சுத்தம் என்று நீயே சாட்சியும் சொல்லிவிட்டாய். நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) தேய்ந்திருந்தால் சும்மா தட்டும்போதுதான் இரையும், விரல் வைத்ததும் நின்றுவிடும். அதனால் நட்டை இப்போதைக்குத் தொடாதே.

முதலில் அள. சுருதி சேர்த்துவிட்டு முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டு. கழுத்து உடம்போடு சேருகிற 14-ஆம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்திப் பிடி. இப்போது அந்தக் கம்பிதான் உனக்கு மட்டக்கோல். ஏழாம் ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே 0.25 மி.மீ. தகடு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். என்ஜினில் டேப்பட் இடைவெளி பார்க்கிற பில்லர் கேஜேதான், வேறு ஒன்றுமில்லை. எந்த மெக்கானிக்கிடமும் இருக்கும், டீசலைத் துடைத்துவிட்டுத் தரச் சொல். உன் கிட்டாரில் 0.05 கூட நுழையாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

நுழையவில்லை என்றால் ஆலன் கீ (அறுகோணச் சாவி). ராடின் மரை சில கிட்டாரில் தலைப்பக்க மூடிக்குள் இருக்கும், சிலவற்றில் வட்டத் துளைக்குள். போன் டார்ச் அடித்துப் பார். மரையை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் கால் சுற்று தளர்த்து. கால் சுற்றுதான். திரும்பச் சுருதி சேர், ராத்திரி விட்டுவிடு, காலையில் அள. மரம் மெதுவாகத்தான் கேட்கும். மரை இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறிய மரை எப்படி முறியும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஐஸ் குச்சிக்கு வருகிறேன். அதன் கனம் சுமார் 2 மி.மீ. சாடில் 2 ஏறினால் 12-ஆம் ஃபிரெட்டில் கம்பி 1 ஏறும், முதல் ஃபிரெட்டில் ஏறுவது 0.1 அளவுதான். உனக்கு வலி இருக்கிற இடத்தில் ஒன்றும் நடக்காது, வலி இல்லாத இடத்தில் விரல் எரியும். விரல் எரிகிறது என்றுதானே மெல்லிய கம்பிக்கே போனாய்? கழுத்து சரியான பிறகு 12-ஆம் ஃபிரெட்டில் ஸ்கேல் வைத்துப் பார். ஆறாம் கம்பி 2.5, முதல் கம்பி 2 மி.மீ. பக்கம் இருந்தால் பிரிட்ஜ் பக்கமே போகாதே. (பாம்பன்காரன் பிரிட்ஜ் பக்கம் போகாதே என்கிறானே என்று சிரிக்காதே.)

கீழக்கரை_பேஸ்

அண்ணன் சொன்னதைச் செய்யும் முன் ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) நட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பார்த்துக்கொள். நான் மூன்று நாள் ஃபிரெட் ஃபிரெட்டாகத் தேடினேன். கடைசியில் தலைப்பக்கத்தில் ஒரு நட்டு ஆடிக்கொண்டிருந்தது.

தங்கச்சிமடம்_ஆறுகம்பி

அண்ணே, பந்தயம் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், 0.05 நுழையவே இல்லை. தகடு கேட்டபோது மெக்கானிக் "எந்த வண்டிக்கு?" என்றார். கிட்டாருக்கு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

முதல் நாள் கால் சுற்று, மறுநாள் அதில் பாதி. இப்போது 0.20 நுழைகிறது. ஜி சுத்தம், எஃப் சுத்தம். ட்யூனர் நட்டும் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் கம்பியில் ஐந்தாம் ஃபிரெட் மட்டும் இன்னும் கொசு மாதிரி. இன்னும் தளர்த்தவா?

பழைய_என்ஜின் (பாம்பன்)

ராடைத் தொடாதே, அதன் வேலை முடிந்தது. ஒரே ஒரு இடத்தில் இரைந்தால் அடுத்த ஃபிரெட் தலை தூக்கியிருக்கும். முதல் கம்பியைத் தளர்த்தி ஒதுக்கு. எண் புடைக்காத ஏடிஎம் கார்டின் நீளப் பக்கத்தை 5, 6, 7 மூன்றின் மேல் மட்டும் படும்படி குறுக்கே நிறுத்து, குட்டைப் பக்கம் மூலை வளைந்திருப்பதால் எட்டாது. ஊஞ்சல் ஆடினால் ஆறுதான் குற்றவாளி. நுனி கிளம்பியிருந்தால் இருபுறமும் டேப் ஒட்டி, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, மரத்துண்டை மேலே வைத்து மெல்லத் தட்டு. அரம் மட்டும் வேண்டாம், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

வாசித்து முடித்ததும் கம்பியைப் பழைய பனியன் துணியால் துடை. தேங்காய் எண்ணெய் போடுகிற ஆள் ஒருவரை எனக்குத் தெரியும், நீயும் அப்படி ஆகிவிடாதே.

தங்கச்சிமடம்_ஆறுகம்பி

கார்டு ஆடியது. ஆறாவதன் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டது. நீங்கள் சொன்னபடியே தட்டி உட்கார வைத்துவிட்டேன், கொசு போய்விட்டது. நேற்றுப் பயிற்சியில் ஒரு கிர் கூட இல்லை. இப்போது குழுவில் இன்னொருவர் தன் கிட்டாரையும் என் வீட்டில் கொண்டுவந்து சாத்தியிருக்கிறார். அதனால் பில்லர் கேஜை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, மெக்கானிக் இரண்டு தரம் போன் போட்டுவிட்டார்.