6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியின் குழாய் வாயில் சுற்றப் பனி மறைப்பு எதில் செய்யலாம்?

மேலூர்க்காரன்: வயலோர வீடு. மார்கழியில் பத்து மணிக்கே குழாய் வாயருகே உள்ள சிறிய துணைக்கண்ணாடியில் பனி பூத்துவிடுகிறது. சார்ட் அட்டையைச் சுற்றினால் நனைந்து தொய்கிறது. குழாயின் வெளிவிட்டம் 18 செ.மீ. செலவில்லாத வழி இருக்கா?

ஆனையூர்: அட்டை வேண்டாம் தம்பி. 6 மி.மீ. கறுப்பு யோகா பாய் வாங்குங்க, தண்ணி இழுக்காது. நீளம் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது 27 செ.மீ.; குழாயைக் கவ்வ 5 சேர்த்து 32. அகலத்துக்குப் பாயின் தடிமனையும் கணக்கில் எடுக்கணும்: 18.6 × 3.14 = 58.4. ஒன்றன்மேல் ஒன்று ஏற 5 விட்டு, 63.4 செ.மீ. வெட்டுங்க. வெல்க்ரோவை ஒட்டாம தைச்சிடுங்க. ஈரத்தில் பசை விட்டுப்போகும். வாய் உள்பக்கம் மடங்கினா வெளிச்சம் குறையும், அதனால விளிம்பில் கட்டுக்கம்பி வளையம் வச்சுத் தைக்கணும். தெருவிளக்கு வெளிச்சம் குழாய்க்குள்ள வர்றதும் இதிலேயே குறையும்.

திருமங்கலம்: எடை கூடி முன்பக்கம் சாயும். இரும்புக் குழாய்னா பின்னால பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு ஒட்டுங்க. கண்ணாடி வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்வதால்தான் பனி படியுது. மறைப்பு அதைத் தாமதப்படுத்தும், அடியோடு நிறுத்தாது. பூத்துட்டா துணியால துடைக்கவே கூடாது, அலுமினியப் பூச்சு கீறிடும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடிச்சாப் போதும்.