மறு: ‘பெட்ராக்’ என்பதற்கு ‘நிலைப்பாறை’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நிலவியல் வரைபடக் குறிப்புகளைத் தமிழாக்கும் இழையில் ‘பெட்ராக்’ (bedrock, இடம் பெயராமல் பூமியோடு பிணைந்து நிற்கும் கெட்டிப் பாறை) என்ற சொல்லுக்கு அடிப்பாறை, தாய்ப்பாறை, படுக்கைப்பாறை என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘நிலைப்பாறை’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். இந்தச் சொல் எனக்கு அகராதியிலிருந்து வந்ததல்ல, சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலைச் சரிவில் கிடைத்தது.

மாணவனாக முதல் களப்பணிக்கு அங்கே போயிருந்தேன். கஞ்சமலையில் காந்தக்கல் கலந்த இரும்புத்தாதுப் பட்டைகள் மலையைச் சுற்றி ஓடுகின்றன. பட்டைக்குப் பக்கத்தில் போனால் திசைகாட்டி ஊசி அலைபாயும், நம்ப முடியாது. அதனால் தூரத்தில் தெரியும் கோபுரத்தையும் மலைமுகட்டையும் வைத்துத்தான் திசை பிடித்தோம். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொரு இடமாகக் குறித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் மலையின் உட்பக்கமாகச் சாய்ந்தன. ஓரிடத்தில் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. பாறை அடுக்குகள் வளைந்து மடங்கிய பெரிய மடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆசிரியர் வந்து பார்த்தார். காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். ஆளுயரக் கல் லேசாக ஆடியது. “இது மேலேருந்து வந்த கல்லுப்பா. நின்ன கல்லைத் தேடு” என்றார்.

வந்த கல், நின்ற கல். வரைபடம் போடுகிறவருக்கு முதல் கேள்வியே இதுதான். கண்முன் இருக்கும் பாறை பிறந்த இடத்திலேயே பூமியோடு பிணைந்து நிற்கிறதா, உருண்டோ அடித்துக்கொண்டோ வந்ததா? வந்த கல்லில் எடுத்த சாய்வும் திசையும் எதற்கும் உதவாது. கனிம வளக் கணக்குக்கும் இதே கதிதான். சரிவெல்லாம் சிதறிக் கிடக்கும் தாதுக்கற்களை நின்ற பாறை என்று வரைந்துவிட்டால், மேலே குறுகலாக ஓடும் பட்டை தாளில் பல மடங்கு அகன்றுவிடும். இல்லாத இரும்பு இருப்பில் ஏறும்.

இப்போது ‘அடிப்பாறை’க்கு வருகிறேன். மண்ணுக்கு அடியில் இருப்பதால் அந்தப் பெயர் பொருந்தும் என்கிறார்கள். சமவெளியில் பொருந்தும்தான். ஆனால் கஞ்சமலை உச்சியில், வெயிலில் காய்ந்துகொண்டு, மேலே ஒரு பிடி மண்கூட இல்லாமல் நிற்கும் பாறையும் ‘பெட்ராக்’ தானே? அதை அடிப்பாறை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அரியலூரில் மண்ணைத் தோண்டினால் வருவது கிரிட்டேசியஸ் காலச் (டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதி) சுண்ணாம்புக்கல். சிமென்ட் ஆலைகள் எடுப்பது அதைத்தான். அங்கே ‘பெட்ராக்’ அதுவே. அதற்கும் கீழே மிகப் பழைய நைஸ் (gneiss, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப்பாறை) பாறைகள் இருக்கின்றன. அவற்றை ‘பேஸ்மென்ட்’ என்பார்கள். அடிப்பாறை என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்பதே நல்லது.

‘தாய்ப்பாறை’ அழகான சொல், ஆனால் மண்ணியலுக்குச் சொந்தமானது. எந்தப் பாறை சிதைந்து இந்த மண் ஆனதோ அது தாய்ப்பாறை. தஞ்சை வண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய் மேற்கே மலைகளிலும் மைசூர்ப் பீடபூமியிலும் இருக்கிறது, காவிரி கொண்டுவந்து சேர்த்தது. வண்டலுக்குக் கீழே இருக்கும் பாறை அதற்கு உறவே இல்லை. ‘படுக்கைப்பாறை’ ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. படிந்து படிந்து உருவான அடுக்குப் பாறையோ என்று படிப்பவர் மயங்குவார்.

‘நிலை’ என்ற சொல்லுக்கு நம்மிடம் வேண்டிய பொருள் ஏற்கெனவே இருக்கிறது. தேர் ஊரைச் சுற்றி நிலைக்கு வருகிறது. கதவு ஆடும், நிலை ஆடாது. திட நிலை, திரவ நிலை என்பதோடு குழம்பாதா என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஓடாத மின்னூட்டத்தைப் பற்றிய பாடத்தை ‘நிலைமின்னியல்’ என்றுதானே பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கிறார்கள்? யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

என் சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. கிணறு வெட்டும்போது மண்ணுக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவே இற்றுப்போன பாறை வரும். கையால் நசுக்கினால் உதிரும். ஆனால் பழைய அடுக்குகளும் வரிகளும் அப்படியே தெரியும். அது இடம் பெயரவில்லை, ஆகவே பெயரை மட்டும் பார்த்தால் அதுவும் நிலைப்பாறைதான். போர்வெல் போடுகிறவர்களோ, துளை சரியாமல் காக்கும் கேசிங் குழாயை அதையும் தாண்டி இறக்கி, கெட்டிப் பாறையில் ஊன்றிய பிறகுதான் பாறை வந்துவிட்டது என்பார்கள். இதற்கு ‘இற்றபாறை’ என்று தனிப்பெயர் கொடுத்து, நிலைப்பாறை என்பதைக் கெட்டியானதற்கு மட்டும் வைக்கலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு இடைக்குறிப்பு. தலைப்பில் ‘புவியியல் வரைபடம்’ என்று போட வேண்டாம். பள்ளியில் அது ஜியாகிரபி. ‘நிலவியல்’ என்றே இருக்கட்டும். இலங்கை நண்பர்களுக்கு ‘புவிச்சரிதவியல்’ பழக்கம், அதையும் பக்கத்தில் தரலாம்.

வரைபடக் குறிவிளக்கத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘நிலைப்பாறை எல்லை, கண்டறிந்தது’ என்பதற்கு முழுக்கோடு, ‘நிலைப்பாறை எல்லை, ஊகித்தது’ என்பதற்கு விட்டுவிட்டு வரும் கோடு. மண் மூடாமல் வெளியே தெரியும் இடத்துக்கு ‘நிலைப்பாறை முகம்’. வாசிக்க இடறவில்லை.

மிச்சம் இருப்பது ‘வந்த கல்’. அதற்கு ‘பெயர்கல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ‘நேம் போர்டு’ கல்லோ என்று வீட்டில் கேட்டார்கள், அதனால் தயங்குகிறேன். கல்லுடைக்கும் தொழில் உள்ள குடும்பத்திலிருந்து யாராவது குழுவில் இருந்தால், சரிவில் தனியாகக் கிடக்கும் கல்லை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வார்கள் என்று எழுதுங்கள்.